புழுதிக்கு ஒரு பொன்னாடை

அரியலூர் மாவட்டத்தில் ஒரு சேவை நடக்கிறது. அதற்கு விண்ணப்பம் வேண்டாம், ஆதார் நகல் வேண்டாம், விஏஓ கையெழுத்து வேண்டாம். தீபாவளி, பொங்கல் என்று லீவு கிடையாது. மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்காது. கூரை வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே அளவுதான். 'இல்லம் தேடிக் கல்வி', 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றெல்லாம் சென்னையில் 2021-ல்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பிருந்தே இங்கே புழுதி வீடு தேடி வந்துகொண்டிருக்கிறது. பெயர் வைத்து, ரிப்பன் வெட்டி, விழா எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்த வாழ்த்துரை.

வாழ்த்துரை என்றால் குலப்பெருமையில் ஆரம்பிப்பது மரபு. அரியலூர்ப் புழுதி சாதாரணக் குலத்தில் பிறந்ததல்ல. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்று டவுன் பஸ் நிற்கும் பக்கமெல்லாம் கடல் நின்றது. அதில் வாழ்ந்த சிப்பிகள் தலைமுறை தலைமுறையாகச் செத்து, அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். கல்லைப் பிளந்து பார்த்தால் உள்ளங்கை அகலச் சிப்பி வாய் மூடி உட்கார்ந்திருக்கும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை அடுக்குப் பிரித்து எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் நிலவியல் மாணவர்கள் சின்னச் சுத்தியலோடு வந்து, குனிந்து குனிந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாவம், அவர்களுடைய வேகம் அவ்வளவுதான். நாம் வெடி வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள்.

வாரணவாசியில் இதற்கென்று ஒரு அருங்காட்சியகமும் கட்டி, சில கல்லுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் இடம் கிடைக்காத மீதிச் சிப்பியெல்லாம் சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது. அங்கே அது சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் வெந்து, சிமெண்டுக்கு மூலமான கிளிங்கர் ஆகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சுட்டால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது எரிக்கிற நிலக்கரியின் புகையைச் சேர்க்காத கணக்கு. கடலும் சிப்பியும் சேர்ந்து கல்லுக்குள் அடைத்துவைத்த காற்றை ஒரே மத்தியானத்தில் திறந்துவிடுகிறோம். உலகம் முழுக்க வெளியேறும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. புவி வெப்பமாதல் என்று பாரீசிலும் கிளாஸ்கோவிலும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் நம் சிமெண்ட் ஊர்களான ரெட்டிப்பாளையத்துக்கும் ஆலத்தியூருக்கும் பங்கு உண்டு. பேச்சில்தான். சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை.

இப்படிப்பட்ட குலக்கொழுந்தை வளர்க்க ஆட்கள் வேண்டாமா? தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை 1979-லேயே அரியலூரில் சூளை மூட்டிவிட்டது. ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர், தாமரைக்குளம் என்று ஒவ்வொரு திசையிலும் ஒரு தனியார் புகைபோக்கி நிற்கிறது. ராத்திரியில் எந்த ஊர்க் கொல்லையில் நின்று பார்த்தாலும் ஏதோ ஒரு ஆலையின் விளக்கு தெரியும். மாவட்டம் 2001-ல் பிறந்தது, 2002-ல் மறுபடி பெரம்பலூருக்குள்ளேயே போய்விட்டது, 2007-ல் இன்னொரு முறை பிறந்தது. இத்தனை வரவு போக்கிலும், தான் எந்தக் கலெக்டர் ஆபீசுக்குக் கீழே வருகிறோம் என்று புழுதி ஒரு நாளும் குழம்பியதில்லை. எல்லை பார்க்காமல் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே ஊழியம் செய்தது.

ஆலைக்காரர்கள்மேல் அபாண்டமாகப் பழி போடக் கூடாது. புகைபோக்கி இப்போது யோக்கியமான பிள்ளையாகிவிட்டது. உள்ளே பை வடிகட்டி இருக்கிறது, தூசியை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் இஎஸ்பி இருக்கிறது. புகையில் ஒரு கன மீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது என்பது 2014-ல் திருத்திய விதி. சிமெண்ட் உள்ளிட்ட அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்கள் இருபத்து நாலு மணி நேரமும் புகைபோக்கியைக் கருவி வைத்து அளந்து, அளவை நேரடியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே ஆண்டு வந்த உத்தரவுதான். ஆலை வாசலில் பெரிய பலகையில் எண்கள் மின்னும். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம். லாரி போகும்போது மட்டும் பலகை தெரியாது, புழுதி மறைக்கும்.

அதிகமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, எல்லாம் நெய் பூசி, மாலை சூடி, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மெச்சிவிட்டு வந்தாளாம். எங்கள் அரசனுடையதெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றும் சொன்னாளாம். கிழவி இன்று ஆலை வாசலுக்கு வந்தால் அந்தக் கருவிகளையும் அப்படித்தான் மெச்சுவாள். துடைத்துவைத்த கண்ணாடி, பச்சை எழுத்து, ஒரு கீறல் இல்லை.

அசல் போர்க்களத்தை அவை பார்த்ததே இல்லை. ஏனென்றால் புழுதி கிளம்புவது புகைபோக்கியிலிருந்து மட்டும் இல்லை. சுரங்கத்தில் வெடி வைத்தால் கிளம்புகிறது, கல்லை அள்ளிக் கொட்டினால் கிளம்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தார்ப்பாயைப் பேருக்குப் போர்த்திக்கொண்டு, வழிந்து வழிந்து, சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே ராப்பகலாக ஓடும் டிப்பர்களிலிருந்து கிளம்புகிறது. சிந்தின கல்லை அடுத்த லாரி அரைக்கும். அரைத்ததை அதற்கடுத்த லாரி கிளப்பிவிடும். ரோடே ஒரு மாவு மில். அந்த மில்லுக்கு லைசென்சும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஆகவே மீட்டரும் இல்லை.

சுரங்க ரோட்டு ஓரத்து ஊர் ஒன்றில் காலை ஆறு மணிக்கு ஒரு அப்பாயி வாசல் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தது. கோலம் போட்டு முடிப்பதற்குள் நாலு வண்டி போயிருக்கும். எட்டு மணிக்கு அதே அப்பாயி, அதே விளக்குமாறு.

"என்னா அப்பாயி, இப்பத்தான கூட்டுன?" என்றான் பள்ளிக்கூடம் கிளம்பிய பேரன்.

"ஆமாண்டா சாமி. நான் கூட்டுறேன், அவன் கொட்டுறான். அவனுக்கு டிரிப்புக்கு இவ்வளவுன்னு காசு. எனக்குத்தான் ஒண்ணுமில்ல."

"கம்ப்ளெயிண்டு பண்ணலாம்ல?"

"பண்ணாம? தண்ணி லாரி வந்துச்சு. ரோட்ட நனைச்சுட்டுப் போனான். ஒரு மணி நேரம் சேறு, அப்புறம் பழையபடி புழுதி. ரெண்டு வேலை ஆச்சு எனக்கு."

மாவட்ட நிர்வாகம் சும்மா இருக்கிறது என்று சொல்பவர்கள் நாக்கு அழுகும்.

இனி அரசின் பெருந்தன்மையைப் பாட வேண்டும். காற்றில் மிதக்கும் தூசி மொத்தத்துக்கும் ஒரு காலத்தில் வரம்பு இருந்தது. குடியிருப்புப் பகுதி என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரி 200 மைக்ரோகிராம். தொழிற்பகுதி என்றால் 500. 2009-ல் தேசியக் காற்றுத் தர அளவுகோல்களை மாற்றி எழுதியபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நுரையீரலுக்குள் ஆழமாகப் போவது பத்து மைக்ரானுக்கும் இரண்டரை மைக்ரானுக்கும் கீழே உள்ள பொடிகள்தான், அவற்றை அளந்தால் போதும் என்பது அறிவியல்படி நியாயமான வாதம். நான் அதில் குறை காணவில்லை. டெல்லிக்குப் பொருத்தமான வாதம்; அங்கே பிரச்சினையே புகை. அரியலூரில் வாசலில் விழுவதும், சோற்றில் விழுவதும், பருத்திச் செடியில் விழுவதும் பெரும்பாலும் பத்து மைக்ரானைத் தாண்டிய முரட்டுத் தூசி. அதைக் கையால் தொடலாம், விரலால் அதன்மேல் பெயர் எழுதலாம். ஆனால் சட்டப்படி அதை எண்ணிப் பார்க்க இன்றைக்கு ஆளில்லை. 2009 முதல் அது சுதந்திரப் பிரஜை.

அதன் பலனும் கைமேல் தெரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலையில் வெளியிடும் காற்றுத் தரப் பட்டியலில் அரியலூர் பெயரும் வரும். பல நாள் அதற்கு 'நன்று' அல்லது 'திருப்தி' என்றே மதிப்பெண். டெல்லிக்காரன் பார்த்தால் பொறாமையில் இருமுவான். நம் ஊர்க்காரன் பொறாமை இல்லாமலே இருமுகிறான். கருவி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவே மாட்டேன். மழையும் கடற்காற்றும் தமிழ்நாட்டுக்குச் செய்யும் உபகாரம் பெரிது, பொடித்தூசி தங்காது. கருவி தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. அப்பாயியின் கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மண்ணுக்கு இந்தப் புழுதி செய்யும் உதவியைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன். மார்கழி, தை மாதப் பனியில் இலை நனைந்திருக்கும். அதன்மேல் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் வந்து இறங்கும். வெயில் ஏறினால் ஈரமும் பொடியும் சேர்ந்து மெல்லிய பூச்சாக இறுகிவிடும். கொத்தனார் கூலி இல்லாமல் செடிக்குப் பூச்சு வேலை! இலையின் அடியிலும் மேலும் மூச்சு விடுகிற துளைகள் அடைபடும், வெளிச்சம் உள்ளே போகாது. முந்திரி பூக்கிற பருவமும் இதே குளிர் முடிகிற காலம்தான். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் பூங்கொத்து சாம்பல் நிறத்தில் நிற்பதைப் பார்த்தால், இயற்கைக்கே பாதி விதவைக் கோலம் கொடுத்தது போல இருக்கும். மழை பெய்தால் கழுவிவிடும் என்பார்கள். கழுவும், ஆனால் கழுவினது எங்கே போகும்? வேருக்கு.

அரியலூர்க் கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மை உள்ள மண். அதற்கு மேலும் சுண்ணாம்பு சேர்ந்தால் இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் மண்ணிலேயே இருக்கும், வேருக்குத்தான் எட்டாது. கடலைச் செடியின் குருத்து மஞ்சளாகும். விவசாயி கடைக்கு ஓடுவார், கடைக்காரர் நுண்ணூட்ட டப்பா ஒன்று கொடுப்பார். மண்ணில் இருக்கிற இரும்பையே காசு கொடுத்து வாங்குகிற பாக்கியம் எல்லா ஊர் விவசாயிக்கும் வாய்க்காது. விளைச்சல் குறைந்ததற்கு நஷ்டஈடு கேட்டால், வறட்சியா, வெள்ளமா, பூச்சியா என்று மூன்று கட்டம் உள்ள படிவத்தை நீட்டுவார்கள். புழுதிக்குக் கட்டம் கிடையாது.

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே பெருமாள் கம்பமாகவே நிற்கிறார். விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து கொட்டுவது குடியானவர்கள் வழக்கம். நெல்லும் சோளமும் கம்பும் மூட்டை மூட்டையாக வரும். ஊர்ப்பக்கமே சுண்ணாம்புச் சுரங்கமும் இருக்கிறது. பெருமாளுக்கும் பங்கு, கம்பெனிக்கும் பங்கு. பெருமாள் மேலே விளைந்ததில் கொஞ்சம் வாங்கிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

குழி வெட்டியதையும் புகழ வேண்டும். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி ஜெயித்துவிட்டு, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்தில் சோழகங்கம் என்று ஓர் ஏரி வெட்டினான். ஊரே அதைப் பொன்னேரி என்கிறது. ஆயிரம் வருஷமாக அந்த ஒரு ஏரிக்காக அவன் பேர் சொல்கிறோம். இப்போது வெட்டிப் போட்டிருக்கும் சுரங்கக் குழிகளுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? அது சாய்வாக இறங்கும், மாடு தண்ணீர் குடிக்கும், மதகு வழியாக வயலுக்குப் பாயும். இதில் அந்தத் தொல்லையே கிடையாது. செங்குத்தாகச் சுவர், அடியில் பச்சை கலந்த நீல நிறத்தில் மழைத்தண்ணீர். படி இல்லை, மதகு இல்லை. மாடு இறங்கினால் ஏறாது. பிள்ளைகள் குளிக்க இறங்கினாலும் அப்படித்தான். கல் எடுக்கும்போது குழியில் ஊறும் தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே விடுவதால் சுற்று வட்டாரக் கிணறுகள் இறங்கிவிட்டதாக விவசாயிகள் சொல்கிறார்கள். கல் தீர்ந்த சுரங்கத்தை எப்படி மூட வேண்டும் என்று திட்டம் போட்டுத் தரச் சொல்லி 2003-லேயே விதி வந்துவிட்டது. திட்டங்கள் இருக்கின்றன. குழிகளும் இருக்கின்றன. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை.

குறிப்பேட்டில் அந்தக் குழிக்கு 'மழைநீர்ச் சேகரிப்பு' என்று பேர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதே மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. குளிர் காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிற ஏரி. பறவைகள் சுரங்கக் குழியை விட்டுவிட்டு, ஏன் அந்தப் பழைய ஏரிக்கே போகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. வளர்ச்சி தெரியாத ஜீவன்கள்.

பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் என்று கல்கி எழுதியதைப் படித்து வாய் பிளந்த தலைமுறை நாம். அவருடைய கீழப்பழுவூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும், பூமியின் உடம்பில் எண்ணிக்கொண்டே போகலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பெரம்பலூரை விட்டால் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வரும். அங்கே சுண்ணாம்பு குறைவு என்ற குறையைக் கருங்கல் தீர்த்துவைக்கிறது. திருச்சி - சென்னை நாற்கர ரோட்டில் போகும்போது கரடுகள் பாதி கடித்த பலகாரம் போல நிற்பதைப் பார்க்கலாம். மலையைக் கிரஷரில் போட்டு ஜல்லி, சிப்ஸ், எம் சாண்ட் என்று சலித்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. நாலைந்து மைக்ரான் அளவுக்குப் பொடிந்தது நுரையீரலின் கடைசி அறை வரை போய்க் குடியேறிவிடும். வெளியே வராது, கரையாது. நுரையீரல் மெல்லத் தழும்பேறிக் கெட்டியாகும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்தில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், கண்டால் மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே அது இடம்பெற்றிருந்தது. அதனால் யாருக்கும் சிரமம் வந்ததில்லை. இந்தியா முழுக்க நடப்பதுதான்: இருமலோடு வருகிற கல்லுடைக்கும் தொழிலாளிக்குக் காசநோய் என்று எழுதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்துவிடலாம். காசநோய் என்றால் கிருமியின் குற்றம். கிருமிக்கு முதலாளி கிடையாது.

பருத்தியும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற பெரம்பலூரின் வயலுக்குள் இறங்கினால் வேறொரு மணம் வரும், பூச்சிமருந்து மணம். 2017-ல் பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. புழு விழுந்தது. மருந்துக்கடை அண்ணன் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டியதுதான், ஊரில் வேறு யார் நேரில் வந்து சொல்கிறார்கள்? தலைக்கு மேல் இலை, முதுகில் டேங்க், எதிர்க்காற்று. அடித்த மருந்து அடித்தவர் மூஞ்சியிலேயே வந்து விழுந்தது. அந்தப் பருவத்தில் பெரம்பலூரில் மருந்தடித்த சிலர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் இருபதுக்கும் மேல் பேர் செத்தார்கள், அங்கேயும் பருத்திதான். விசாரித்தவர்கள் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள்: முகக்கவசம் போடவில்லை, கையுறை போடவில்லை, காற்றின் திசை பார்க்கவில்லை. மூன்று தப்பும் செத்தவர் செய்தவை. மருந்து ஒரு தப்பும் செய்யவில்லை. டப்பாவில் பொடி எழுத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அக்டோபர் வெயிலில், ஆள் மறையும் பருத்திக்குள், ரப்பர் உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று காட்ட எந்த அதிகாரியும் முன்வராதது அவர்களுடைய அடக்கத்தையே காட்டுகிறது.

அடுத்த ஆண்டே மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு இறங்கியது. மறுபடி மருந்து. மண்ணுக்குள் இருந்த மண்புழு இதில் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனாலும் கணக்கு முடிந்தது அதற்கும்தான்.

மருந்தை விட்டு உரத்துக்கு வந்தால், யூரியாவின் தயாள குணத்துக்கு ஈடே இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, மீதியை மத்திய அரசு மானியமாகத் தாங்குகிறது. தொழு உரம் ஒரு டிராக்டர் அடிக்க ஆகிற செலவில் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று எந்தக் குடியானவரும் கணக்குப் போடுவார், போட்டதில் தப்பில்லை. போட்டதில் பயிர் எடுத்துக்கொண்டது போக மீதி சும்மா இருக்காது. கொஞ்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகி மேலே ஏறும். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. ஒரே மூட்டையில் கீழே தண்ணீருக்கும் மேலே வானத்துக்கும் விநியோகம். மூட்டையின்மேல் எழுதியிருப்பதோ தழைச்சத்து எவ்வளவு என்று மட்டும்தான். அரசுக் கணக்கிலும் அது மானியம் என்ற தலைப்பில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது.

பணக் கணக்கு வந்ததால் அதையும் பேசிவிடுவோம். பூமியிலிருந்து எடுக்கிற ஒரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கு அரசுக்குக் கட்டும் ராயல்டி 80 ரூபாய். ஏழு கோடி வருஷத்துச் சரக்கு, டன் எண்பது. பேரம் பேசத் தெரிந்தவர்கள்தான் நம்மை ஆள்கிறார்கள். 2015-ல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றும் வைத்தார்கள். ராயல்டிக்கு மேல் பழைய குத்தகைக்கு 30 சதவீதம், ஏலத்தில் எடுத்ததற்கு 10 சதவீதம் அதில் சேரும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் செலவழிக்க வேண்டிய பணம். பழைய குத்தகை என்றே வைத்துக்கொண்டாலும் டன்னுக்கு 24 ரூபாய். ஒரு நோயாளி மூச்சுத் திணறி அரியலூரிலிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ்ஸில் போய் வரும் செலவுக்கு ஏழெட்டு டன் கல் வெட்டினால் போதும். வெட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

சிமெண்டைத் திட்டிக்கொண்டே சிமெண்ட் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாயே என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சென்னையில் மெட்ரோத் தூண் ஒவ்வொன்றும், கோயம்புத்தூரில் பாலம் ஒவ்வொன்றும், உங்கள் வீட்டு மாடியும் என் வீட்டு மாடியும் அரியலூரின் ஏதோ ஒரு கொல்லையிலிருந்து போனதாக இருக்கலாம். மூட்டையின்மேல் ஆலையின் பெயர் உண்டு, யானையோ புலியோ படமும் இருக்கலாம். கொல்லையின் பெயர் இருக்காது. அரசுக்கோ இரட்டைப் பொறுப்பு: ஆலையும் நடத்துகிறது, ஆலைகளைக் கண்காணிக்கும் வாரியமும் நடத்துகிறது, 'வலிமை' என்று பெயர் வைத்துச் சிமெண்டும் விற்கிறது. இவ்வளவையும் ஒரே கை செய்யும்போது அந்தக் கை நடுங்காமல் இருப்பதுதான் அதிசயம்.

ஜனநாயகம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. புதிதாகச் சுரங்கம் தோண்டவோ விரிவாக்கவோ வேண்டுமென்றால், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். முப்பது நாள் முன்னால் பேப்பரில் விளம்பரம், தமிழில் திட்டச் சுருக்கம், கலெக்டர் அல்லது அவர் அனுப்புகிறவர் தலைமை. நடப்பதையெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும். அந்த அறிவிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு: கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. யாருமே வராவிட்டாலும் மக்களிடம் கருத்துக் கேட்டாயிற்று.

ஆனால் மக்கள் வரத்தான் செய்கிறார்கள். ஷாமியானா போட்டு, வாடகைச் சேர் அடுக்கி, வாட்டர் பாட்டில் கொடுப்பார்கள். முன்வரிசையில் வேலை வாய்ப்பு வேண்டும் என்று பேச வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலை கேட்பது நியாயம்தான், கொல்லையை விற்றவனுக்கு வேறு வழி என்ன? பின்வரிசையில் கிணறு வற்றியதைச் சொல்ல வந்தவர்கள். நடுவில் போலீஸ். மைக் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஐந்து நிமிஷம். சொன்னதையெல்லாம் ஒருவர் குறித்துக்கொள்வார், குறித்ததை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கி அறிக்கையில் சேர்ப்பார்கள். அறிக்கையில் இரண்டு பத்தி இருக்கும்: இடப்பக்கம் மக்கள் சொன்னது, வலப்பக்கம் நிறுவனத்தின் பதில். அந்த அறிக்கைகள் ஒரு தனி இலக்கியம், பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.

வெடி வைப்பதால் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று இடப்பக்கம் இருக்கும். அனுமதிக்கப்பட்ட அளவிலேயே வெடி வைக்கப்படும் என்று வலப்பக்கம். லாரி அதிகம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பயமாக இருக்கிறது என்று இடப்பக்கம். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும் என்று வலப்பக்கம். கிணறு வற்றிவிட்டது என்றால், சுரங்கக் குழி மழைநீர்ச் சேகரிப்புக் குளமாக மாற்றப்படும். புழுதி தாங்க முடியவில்லை, வேப்ப மரம் புளிய மரமெல்லாம் இலை வெளுத்துப் பட்டுப்போகிறது என்றால், பசுமை வளையம் அமைத்து 33 சதவீத நிலத்தில் மரம் நடப்படும்.